மாதக் காசு கிடையாது, தமிழும் அவ்வளவாகக் கிடையாது: டிடி ஃப்ரீ டிஷ் பற்றி

மாதம் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் டிவி பார்க்க முடியுமா என்றால் முடியும். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அப்போது அதற்குப் பெயர் டிடி டைரக்ட் பிளஸ். டிஷ், பாக்ஸ், வயர், மாட்டுகிறவருக்குக் கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், அதற்கப்புறம் ரீசார்ஜ் என்ற பேச்சே இல்லை. நாடு முழுக்க நான்கு கோடி வீடுகளுக்கு மேல் இதைத்தான் பார்க்கிறார்கள். அப்படியிருந்தும் வேலூர்ப் பக்கம் பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் மாட்டிவிட்டு மறுபடி கேபிள்காரருக்குப் போன் போட்டவராக இருப்பார். ஏன் என்பதுதான் எனக்கு விஷயம். பொருளில் பெரிய கோளாறு இல்லை, டெல்லியில் அதை நடத்துகிற விதத்தில்தான் இருக்கிறது.

மாட்டியது கம்மவான்பேட்டையில் மாமா வீட்டு மொட்டை மாடியில். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வேலூருக்குத் தெற்கே கணியம்பாடிப் பக்கம் இருக்கிற ஊர், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கியது. மாமாவும் அப்படித்தான், வடக்கே பல ஊர் பார்த்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர், இந்தி தண்ணி பட்ட பாடு. அத்தை ஊரை விட்டு நகராதவர், இந்தியில் அவருக்குத் தெரிந்தது "நஹி" ஒன்றுதான். ஒரே வீட்டில் ஒரே டிஷ்ஷுக்கு இரண்டு தீர்ப்பு கிடைக்க இதைவிட நல்ல இடம் எனக்கு அமையாது.

முதலில் மாட்டுகிற வேலை. ஜிசாட்-15 என்கிற செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வருகிறது, 2015 நவம்பரில் ஏவியது, 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், நல்ல உயரத்தில், ஏறத்தாழ 67 டிகிரியில் இருக்கிறது. இவ்வளவு மேலே இருப்பதில் ஒரு லாபம் உண்டு, பக்கத்து வீட்டு மாடியோ தென்னை மரமோ சுலபத்தில் மறைக்காது, சந்துக்குள் இருக்கிற வீட்டுக்கும் சிக்னல் கிடைக்கும். மாமா வீட்டு மாடியில் ஏற்கெனவே ஒரு தனியார் கம்பெனியின் பழைய டிஷ் ரீசார்ஜ் செய்யாமல் துருப்பிடித்துக்கொண்டு கிடந்தது, மாட்ட வந்த தம்பி அதையே தேய்த்துத் திருப்பி, முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற எல்என்பியை மட்டும் மாற்றிவிட்டார், புது டிஷ் காசு மிச்சம். ஃபைண்டர் மீட்டரை வைத்து அங்கே இங்கே இழுத்து சிக்னல் பிடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. நட்டை இறுக்கும்போது அரை இஞ்ச் நகர்ந்தாலும் எல்லாம் போய்விடும் என்பதால் அந்தக் கடைசி இறுக்கத்துக்குத்தான் தெரிந்த ஆள் வேண்டும், மற்றதை வீட்டில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

பாக்ஸ் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, படத்தைச் சுருக்கி அனுப்புகிற புது முறைக்கான எம்பெக்-4 பாக்ஸா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் பழைய எம்பெக்-2 சரக்கை நூறு இருநூறு குறைத்துக் கொடுத்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அதில் பாதிச் சேனல்தான் வரும், மிச்சம் பட்டியலிலேயே தெரியாது. நான் போன கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்கள், கேட்ட பிறகுதான் உள்ளே போய் வேறு அட்டைப்பெட்டி வந்தது. இரண்டாவது, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஏவி பின் இருக்கிற பாக்ஸா பாருங்கள். 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி இன்னும் நம் கிராமத்து வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் ஹெச்டிஎம்ஐ சொருக இடமே கிடையாது. புது டிவி வைத்திருப்பவர்கள் பாக்ஸ் வாங்குமுன் டிவியின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள், சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருந்தால் டிஷ் வயரை நேராகச் சொருகினால் போதும், பாக்ஸே வேண்டாம். இப்படி டியூனர் வைத்த டிவிக்கு இந்திய தரநிர்ணய அமைப்பு தனியாக ஒரு தரமே வகுத்து வைத்திருக்கிறது. விற்கிற கடைக்காரர் மட்டும் இதைச் சொல்ல மாட்டார். சொன்னால் பாக்ஸ் எப்படி விற்கும்?

படம் தெளிவு, பழுதில்லை. பலத்த மழையில் போகும், அது இந்த அலைவரிசையின் குணம், காசு கட்டுகிற டிஷ்களுக்கும் அதே கதிதான். ஐப்பசி கார்த்திகையில் வானம் கறுத்துக் கொட்டும்போது கால் மணி அரை மணி கட்டமாகி நின்றுவிட்டு வரும். அப்புறம் இன்னொன்று, மார்ச்சில் சில நாளும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் சில நாளும், காலை பதினோரு மணி வாக்கில் சில நிமிஷம் படம் அடித்துக்கொள்ளும். சூரியன் நேராக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற நேரம் அது. டிஷ் நகர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு ஆளைக் கூப்பிட்டு 300 ரூபாய் அழாதீர்கள், தானாகச் சரியாகிவிடும்.

சரி, உள்ளே என்ன வருகிறது? தூர்தர்ஷனின் எல்லா மொழிச் சேனல்களும் வரும், டிடி தமிழ், டிடி பங்களா, டிடி அசாம் எல்லாம் வரிசையாக நிற்கும். டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், நாடாளுமன்ற நேரலை, பாடச் சேனல்கள், ஆகாசவாணி ரேடியோ. இதுபோகத் தனியார் சேனல்கள். அதில்தான் வீட்டில் சண்டை தொடங்கியது. ரிமோட்டைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்த அத்தை, "இன்னாடா இது, எத்த வெச்சாலும் இந்தியே பேசறானுங்கோ? சன் டிவி எங்கடா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மாமா சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "கேட்டுக் கேட்டுக் கத்துக்கோடி, ஓசியில வாத்தியார் கெடச்சிருக்கான்" என்றார். அவருக்கு இந்திப் பழைய படச் சேனலும் செய்தியும் போதும், மாதக் காசு இல்லை என்பதைத் தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தைக்கு சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து வரை சீரியல் வேண்டும், அது இதில் கிடையாது, கிடைக்கவும் போவதில்லை. சன், விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டணச் சேனல்கள். தமிழில் எப்போதும் இருக்கும் என்று நம்பி வைக்கக்கூடியது டிடி தமிழ் ஒன்றுதான்.

ஏன் இப்படி என்று தேடினால் ஏலத்தில் போய் நிற்கும். ஃப்ரீ டிஷ்ஷில் இடம் வேண்டும் என்கிற தனியார் சேனல், தூர்தர்ஷனுக்கும் ஆகாசவாணிக்கும் தலைமை அமைப்பான பிரசார் பாரதி நடத்துகிற ஏலத்தில் கோடிக்கணக்கில் கொடுத்து இடம் பிடிக்க வேண்டும். இந்திப் பொழுதுபோக்கு ஒரு வகை, இந்திப் படம் ஒரு வகை, செய்தி ஒரு வகை, மற்ற மொழிகள் ஒரு வகை என்று தொகுதி தொகுதியாகப் பிரித்து, வகைக்கு ஒரு ஆரம்ப விலை வைத்து விற்கிறார்கள். இதில் வருகிற காசு பிரசார் பாரதிக்கு முக்கிய வருமானம். பார்ப்பவர்கள் அதிகம் வடக்கில், அதனால் இந்திச் சேனல் விளம்பரத்தை நம்பிக் கோடி கொடுக்கும். தமிழ்ச் சேனல் எதற்குக் கொடுக்கும்? இங்கே ஏற்கெனவே வீட்டுக்கு வீடு கேபிள் இருக்கிறது, சந்தாக் காசு வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் டிவிக் கட்டணங்களை ஒழுங்குபடுத்துகிற டிராய் அமைப்பு கட்டண விதியை மாற்றியபோது இன்னொரு பூட்டும் விழுந்தது: ஒரு சேனல் ஃப்ரீ டிஷ்ஷில் இலவசமாக வந்தால் அதைக் கேபிளிலும் மற்ற டிஷ்களிலும் இலவசச் சேனலாகவே அறிவிக்க வேண்டும். விதி நியாயமானதுதான், ஒரே பொருளை ஓரிடத்தில் சும்மாவும் இன்னோரிடத்தில் காசுக்கும் விற்கக் கூடாது என்பதில் தப்பில்லை. ஆனால் அதன் பலன், பெரிய தமிழ்ச் சேனல் எதுவும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. தமிழ் வராததால் தமிழ்நாட்டில் யாரும் வாங்கவில்லை, யாரும் வாங்காததால் தமிழ் வரவில்லை, இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

இந்திக்காரர்களுக்கும் இதில் நிம்மதி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் பெரிய கம்பெனிகள் நான்கும் தங்கள் இலவச இந்திச் சேனல்களை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு போயின, 2020இல் திரும்பி வந்தன, 2022 ஏப்ரலில் மறுபடி போயின. வியாபாரக் கணக்கு எப்போது மாறுகிறதோ அப்போது சேனல் காணாமல் போகும். மாமா பார்த்துக்கொண்டிருந்த ஒன்றும் ஒரு காலையில் இல்லாமல் போனது, ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. வியாபாரிகள் வியாபாரம் பார்க்கட்டும். பிரசார் பாரதி வியாபாரி இல்லையே. 1990இல் போட்டு 1997இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், அந்த அமைப்பு எதற்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தகவல், கல்வி, பொழுதுபோக்கு மூன்றும் தர வேண்டும், பொதுமக்களுக்கு உண்மையை நடுநிலையாகத் தெரிந்துகொள்கிற உரிமையைக் காக்க வேண்டும், விவசாயம், கிராமம், சுகாதாரம் இவற்றைக் கவனிக்க வேண்டும், அந்தந்தப் பகுதியின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் போதுமான இடம் கொடுக்க வேண்டும். அது நடைமுறைக்கு வருமுன்பே, 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட்டைக் காட்டுவது யார் என்று தூர்தர்ஷனுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் வந்த வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை என்பது பொதுச்சொத்து என்று சொல்லிவிட்டது. அரசும் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது, தனியாரும் கூடாது. பொதுச்சொத்தை ஏலம் விட்டால், ஒவ்வொரு மாநில மொழிக்கும் நாலு இடமாவது குறைந்த விலைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விடுவதுதானே முறை? ஊர்ப் பொதுக் குளத்தை மீன் குத்தகைக்கு விட்டாலும் மாடு தண்ணி குடிக்க ஒரு படித்துறையை விட்டுவைப்பார்கள்.

அப்படியென்றால் இருக்கிற ஒரு தமிழ்ச் சேனல் எப்படி? 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி, நடுவில் பொதிகை, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ். பெயர் மாறி, செட் மாறி, பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. நல்லதை முதலில் சொல்கிறேன், கத்தல் இல்லை. எட்டுப் பேரைக் கட்டம் கட்டமாக உட்கார வைத்து ஒருவர் மேல் ஒருவர் பாய்கிற விவாதம் பார்த்துக் காது நொந்தவர்களுக்கு இதன் செய்தி மருந்து மாதிரி. திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை நேரலை, விவசாய நிகழ்ச்சி, சித்த மருத்துவம், கிராமியக் கலைஞர்களை உட்கார வைத்து நிதானமாகப் பேசவிடுகிற பேட்டி, இதெல்லாம் வேறு எங்கே வரும்? வயலும் வாழ்வும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த நிதானம் பிடிக்கும். அத்தைகூட, சீரியல் இல்லை என்று சபித்துக்கொண்டே, மத்தியானம் சமையல் முடித்து உட்காரும்போது இதைத்தான் வைக்கிறார்.

கெட்டதும் உண்டு. செய்தியில் முதல் பாதி டெல்லியில் யார் எதைத் திறந்து வைத்தார், யார் எதைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார் என்பதிலேயே போய்விடும். வேலூரில் தண்ணீர் வரவில்லை, பாலாற்றில் தோல் கழிவு, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சம்பளப் பிரச்சினை, இதெல்லாம் அங்கே எப்போதாவது தூறல். எந்த ஆட்சி வந்தாலும் இதேதான், இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை. ஆனால் 2024 ஏப்ரலில், தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, டிடி நியூஸ் தன் இலச்சினையைச் சிவப்பிலிருந்து காவிக்கு மாற்றியது, அதை வண்ணப்பூச்சு வேலை என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே வருஷம் அக்டோபரில் சென்னை நிலையத்தில் இந்தி மாத நிறைவு விழா வைத்து, ஆளுநர் முன்னிலையில் தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடம் வருகிற வரி விடுபட்டு, பெரிய சர்ச்சையாகி நிலையம் மன்னிப்புக் கேட்டது. தமிழுக்கென்று இருக்கிற ஒரே பொதுச் சேனல், அது இருக்கிற கட்டடத்தில் இந்தி மாதம் கொண்டாடி இந்தப் பேர் வாங்க வேண்டுமா? நிகழ்ச்சி தயாரிக்கிறவர்கள் உழைப்பதெல்லாம் இதில் அடிபட்டுப் போகிறது.

தேர்தல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு டிடியிலும் ஆகாசவாணியிலும் காசில்லாமல் பேச நேரம் ஒதுக்குவார்கள், 1998இலிருந்து இருக்கிற ஏற்பாடு. எந்தக் கட்சிக்கு எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். குறுக்கே யாரும் கத்தாமல் ஒரு கட்சி தன் கருத்தை முழுசாகச் சொல்லி முடிப்பதை டிவியில் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

கிரிக்கெட். நேர்மையாகச் சொன்னால் நம் ஊர்ப் பையன்கள் இந்த டிஷ்ஷைப் பற்றி விசாரிப்பதே இதற்காகத்தான். 2007இல் ஒரு சட்டம் போட்டார்கள், தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டு என்று அரசு அறிவித்த போட்டிகளை யார் கோடி கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த நேரலையை பிரசார் பாரதிக்கும் கொடுத்தாக வேண்டும், விளம்பர வருமானத்தில் முக்கால் பங்கு உரிமை வாங்கியவருக்கு, கால் பங்கு பிரசார் பாரதிக்கு. இந்திய அணி ஆடுகிற ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் வரும். ஐபிஎல் வராது, அதைக் கேட்டு ஏமாறாதீர்கள். இதில் ஒரு கொக்கி இருக்கிறது. டிடி சேனல்களைக் கேபிளில் கட்டாயம் காட்ட வேண்டும் என்று 1995 கேபிள் சட்டம் சொல்கிறது, அதனால் முன்பெல்லாம் கேபிளில் வருகிற டிடியிலேயே கிரிக்கெட்டும் வந்துவிடும். உரிமை வாங்கிய கம்பெனி வழக்குப் போட்டது, 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்த நேரலை தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் சொந்த டிஷ்ஷிலும் மட்டும்தான் வர வேண்டும், கேபிள் வழியாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பிரசார் பாரதி பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக மூடியும் விட்டது. மாடியில் மீன்முள் ஆன்டெனா நட்டு, பூஸ்டர் போட்டு, "இப்ப வருதா, இப்ப வருதா" என்று கத்திச் சென்னை டிவியைப் பிடித்த காலமெல்லாம் முடிந்தது. ஆக, சட்டம் ஏழைக்கும் கிரிக்கெட் என்று கொடுத்ததைக் காசில்லாமல் பார்க்க இன்றைக்கு நடைமுறையில் மிச்சமிருக்கிற வழி இந்த டிஷ்தான். 2024 டி20 உலகக் கோப்பையில் இந்தியாவின் ஆட்டங்கள் டிடி ஸ்போர்ட்ஸில் வந்தன, இறுதி ஆட்டமும் உட்பட. மாமா வீட்டு மாடி அறையில் அன்றைக்குத் தெருப் பையன்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வர்ணனை பெரும்பாலும் இந்தி, அதை மாமா அவ்வப்போது தமிழில் சொல்ல, யாரும் கேட்கவில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகம் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2017இல் தொடங்கிய ஸ்வயம் பிரபா சேனல்கள் இதே செயற்கைக்கோளில்தான் வருகின்றன, கொரோனா காலத்தில் வகுப்புக்கு ஒன்றாக பிஎம் இ-வித்யா சேனல்கள் சேர்ந்தன, 2022 பட்ஜெட்டில் அந்தப் பன்னிரண்டை 200 ஆக்கி மாநில மொழிகளிலும் தருவோம் என்றார்கள். பாக்ஸில் தானாக வருகிற பட்டியலோடு நிற்காமல் முழு ஸ்கேன் போட்டுப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண், ஆங்கிலத்தில் வருகிற பொருளாதாரப் பாடத்தை இதில் பார்த்துக் குறிப்பெடுக்கிறாள். இன்டர்நெட் டேட்டா செலவு இல்லை, நடுவில் விளம்பரம் இல்லை.

ரேடியோவும் அப்படித்தான். ஆகாசவாணி நிகழ்ச்சிகளை டிவி ஸ்பீக்கரில் இரைச்சல் இல்லாமல் கேட்கலாம். தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்க இன்றும் அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான், டிவிக்கும் பேப்பருக்கும் இருக்கிற சுதந்திரம் ரேடியோவுக்கு மட்டும் ஏன் இல்லை என்பதற்கு இதுவரை உருப்படியான பதில் ஒன்றையும் நான் படித்ததில்லை.

தமிழ்நாடு அரசே நடத்துகிற அரசு கேபிளோடு ஒப்பிடாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் இங்கே போட்டி அதோடுதான். 2008இல் அது முதலில் வந்தபோது கட்டுப்பாட்டு நிலையம் வைத்த நாலு ஊரில் நம் வேலூரும் ஒன்று. 2011இல் திரும்பத் தொடங்கியபோது மாதம் 70 ரூபாய், அந்த விலைக்குத் தமிழ்ச் சேனல் எல்லாம் வரும் என்றால் எவன் டிஷ் வாங்குவான்? டிஜிட்டல் உரிமம் கேட்டுப் பல வருஷம் காத்திருந்து 2017 ஏப்ரலில்தான் டெல்லி கொடுத்தது. பிறகு 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது: மாநில அரசுகளோ அவற்றின் நிறுவனங்களோ ஒளிபரப்பிலும் கேபிள் தொழிலிலும் நேரடியாக இருக்கக் கூடாது, இருப்பவர்கள் 2023 டிசம்பருக்குள் விலக வேண்டும், கல்விச் சேனல் வேண்டுமென்றால் பிரசார் பாரதி வழியாக நடத்துங்கள். 2019இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் அரசு கேபிளும் இதில் மாட்டும் என்று அப்போது பெரிய பேச்சு. டிவி அரசியல்வாதி கையில் இருக்கக் கூடாது என்பது நல்ல கொள்கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கொள்கையை டெல்லி தனக்கு வைத்துக்கொள்ளாமல் மாநிலத்துக்கு மட்டும் சொல்வது என்ன நியாயம்? பிரசார் பாரதியின் சம்பளம் ஒன்றிய அரசின் மானியத்தில்தான் ஓடுகிறது. பிரசார் பாரதி வழியாக வா என்று சொல்கிறவர்கள், அதில் தமிழுக்கு எத்தனை இடம் என்று முதலில் சொல்லட்டும்.

தனியார் சேனல்களுக்கும் ஒரு கடமை வைத்தார்கள், 2022 நவம்பர் வழிகாட்டுதலில், தினமும் அரை மணி பொதுநல நிகழ்ச்சி. தொடர்ந்து அரை மணி என்று இல்லை, துண்டு துண்டாகப் போட்டு மாதம் 15 மணி நேரம் வந்தால் போதும். எந்தச் சேனலில் எந்தத் துண்டு ஓடியது என்று பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.

யாருக்கு இது ஒத்துவரும்? அணைக்கட்டுப் பக்கம் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலைமேல் இருக்கிற ஊர்களில், கேபிள் வயர் ஏறாத குக்கிராமங்களில், யோசிக்காமல் வாங்கலாம். 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை தூர்தர்ஷன், ஆகாசவாணி விரிவாக்கத்துக்கு 2,539.61 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, பழங்குடி, எல்லை, தொலைதூரப் பகுதிகளுக்கு 8 லட்சத்துக்கும் மேல் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுப்பதும் அதில் சேர்த்தி. ஜவ்வாது மலை மக்களுக்கு அது தகுதியான திட்டம், கேட்டு வாங்க வேண்டியது பஞ்சாயத்தின் வேலை. பாக்ஸோடு தமிழும் வந்தால்தானே பிரயோஜனம் என்பது வேறு விஷயம்.

வேலூர் டவுனில் இதற்கு நிஜமான மவுசு எங்கே தெரியுமா, சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி காந்தி ரோட்டுச் சந்துகளில் இருக்கிற லாட்ஜ்களில். வங்காளம், ஜார்கண்ட், அசாம் என்று வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு அவர்கள் மொழிச் சேனல் இதில் சும்மா கிடைக்கிறது. தெரிந்த லாட்ஜ்காரர் ஒருவர், ஒரு டிஷ்ஷில் கிளை பிரித்து ரூமுக்கு ஒரு பாக்ஸ் வைத்திருக்கிறார், "பெங்காலி நியூஸ் வருதான்னுதான் சார் மொதல்ல கேக்கறாங்க" என்றார். வேலூரில் ஒரு வங்காளிக்குக் கிடைக்கிற திருப்தி கம்மவான்பேட்டை அத்தைக்குக் கிடைக்கவில்லை, அந்த வங்காளி மேல் எனக்குப் பொறாமை இல்லை, கிடைக்கட்டும்.

மற்ற வீடுகளுக்கு என் யோசனை: கேபிளைத் துண்டித்துவிட்டு இதை வாங்காதீர்கள், வீட்டில் கலவரம் வரும். இரண்டாவது டிவிக்கு, மாடி ரூமுக்கு, கிரிக்கெட்டுக்கு, படிக்கிற பிள்ளைக்கு, இந்தி தெரிந்த பெரியவர்களுக்கு வாங்குங்கள். ஒரு தடவைச் செலவு, வருஷக்கணக்கில் ஓடும். மாமா வீட்டில் அப்படித்தான் முடிந்தது, கூடத்து டிவியில் கேபிள் மறுபடி வந்துவிட்டது, மாதக் காசை அத்தை தன் ஆட்டுப்பால் வருமானத்திலிருந்து கொடுக்கிறார், மாடி ரூம் மாமாவுக்கு. வாங்கும்போது பில் கேளுங்கள், ரிமோட்டை அங்கேயே அழுத்திப் பாருங்கள், இந்த விலைப் பாக்ஸ்களில் முதலில் போவது அதுதான். மாட்டுவதை ஐப்பசிக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள், மழை பிடித்துவிட்டால் வழுக்குகிற மாடியில் ஏற யாரும் வர மாட்டார்கள்.